கையடக்க ஜி.பி.எஸ். கருவியில் நிலவமைப்புப் படத்தை ஏற்றுதல்

திண்டுக்கல் சமவெளியில் பெய்யும் மழைநீரில் பெரும்பகுதி குடகனாற்றின் வழியே வடக்கு நோக்கி ஓடி, அமராவதியில் கலந்துவிடுகிறது. ஆகவே தம் ஊர்க் குளத்திற்கு நீர் எத்திசையிலிருந்து வருகிறது, எந்த ஓடை எந்த வரத்துக்கால்வாயில் சேருகிறது, பண்ணைக்குட்டையை எவ்விடத்தில் வெட்டினால் நீர் வந்து தேங்கும் என்பவற்றை நிலச்சொந்தக்காரர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியமாகும். இவற்றைக் காட்டுவது சர்வே ஆப் இந்தியா இலாகாவினர் வெளியிடும் நிலவமைப்புப் படம். டோப்போ ஷீட் என்று வழக்கில் சொல்லப்படுவது. அப்படத்தைக் கையடக்க ஜி.பி.எஸ். கருவியில் ஏற்றிக்கொண்டால், வயலில் நிற்பவர் தாம் நிற்குமிடத்தைப் படத்தின் மேலேயே காணலாம். ஆனால் கருவியை வாங்குவதைக் காட்டிலும் அதைச் சரியாக அமைப்பதே பெரிய காரியம். தவறாக அமைக்கப்பட்ட கருவி தன் தவற்றை ஒருபோதும் சொல்வதில்லை. அடுத்தவர் நிலத்தைக் காட்டும்போதும் அதே தெளிவான எண்களில்தான் காட்டும்.

முதலாவது, தமக்குரிய தாள் எது என்று அறிதல் வேண்டும். ஒன்றுக்கு ஐம்பதாயிரம் என்ற அளவில் அமைந்த பழைய வரிசையில், ஒவ்வொரு தாளும் கால் பாகை நீளமும் கால் பாகை அகலமும் உள்ள நிலப்பரப்பைக் காட்டுவதாகும். திண்டுக்கல் நகரமும் ஆத்தூரும் 58 எஃப்/15 என்ற தாளிலும், வேடசந்தூர் 58 எஃப்/14-லும், நிலக்கோட்டை 58 எஃப்/16-லும் உள்ளன. நகருக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தூரத்தில் 78-ஆவது தீர்க்கரேகை செல்வதால், அதற்கு அப்பாலுள்ள ஊர்கள் வேறு தாள்களுக்குப் போய்விடும். சாணார்பட்டிக்கு 58 ஜே/3, நத்தத்திற்கு 58 ஜே/4. பொதுமக்கள் உபயோகத்திற்காக 2005-ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கையின்படி வெளியான திறந்த வரிசைத் தாள்களின் எண்கள் இவற்றினின்றும் வேறானவை. அவை நகரின் பக்கம் சி43 என்றும், ரேகைக்குக் கிழக்கே சி44 என்றும் தொடங்கும். இப்படங்களைக் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்ளும் வசதியை அவ்விலாகாவினர் 2017-ஆம் ஆண்டில் ஏற்படுத்தினர்.

படத்தைக் கருவியில் ஏற்றுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. சம உயரக் கோடுகளும் ஓடைகளும் பாதைகளும் கொண்டதாக முன்பே தயாரிக்கப்பட்ட படக்கோப்பை, கருவியின் மெமரி கார்டில் கார்மின் என்னும் பெயருள்ள உறையில் வைத்துவிடுவது ஒன்று. இது எளிது. டோப்போ ஷீட்டையே சாதாரணப் பட வடிவாக மாற்றி, கம்ப்யூட்டரில் கூகுள் எர்த் மென்பொருளின் மேல் விரித்துப் பொருத்தி, அதைக் கருவிக்கு அனுப்புவது மற்றொன்று. பெரிய தாளை ஒரே படமாக அனுப்பினால் எழுத்துக்கள் மங்கிப்போகும். ஆதலால் தம் கிராமத்தைச் சூழ்ந்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்வது நலம். வேலை முடிந்ததும் கருவியின் பட்டியலில் அப்படம் இயக்கத்தில் வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஏற்றிய படம் தோன்றவில்லை என்று கருவியைக் கடைக்கே திருப்பிக்கொண்டு போகிறவர்களும் உளர். பெரும்பாலும் குறை இந்த ஒரு பொத்தானில்தான் இருக்கும்.

படத்தைப் பொருத்தும்போதுதான் பெரும்பிழை நேருவதுண்டு. அதன் காரணத்தை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் லாம்ப்டன் என்பவர் சென்னைப் பரங்கிமலையருகே ஓர் அடிக்கோட்டை அளந்து, நாடளாவிய முக்கோண அளவையைத் தொடங்கினார். பின்னர் அது 78-ஆவது தீர்க்கரேகையை ஒட்டி, தெற்கே குமரிமுனை முதல் வடக்கே இமயமலை அடிவாரம் வரையில் நீண்டது. அவ்வளவையைக் கொண்டு எவரெஸ்ட் என்பவர் 1830-ஆம் ஆண்டில் பூமியின் வடிவத்தைக் கணித்தார்; பழைய டோப்போ ஷீட்டுகள் அக்கணக்கின் மேல் வரையப்பட்டவை. ஜி.பி.எஸ். கருவியோ டபிள்யூ.ஜி.எஸ். 84 என்னும் வேறொரு கணக்கைக் கொண்டு இயங்குகிறது. ஒரே கிணற்றுக்கு இவ்விரு கணக்குகளும் தரும் எண்களை ஒன்றென்று கொண்டால், நம் பக்கத்தில் ஏறத்தாழ இருநூறு மீட்டர், அதாவது ஒரு பர்லாங்கு, விலகிப்போகும். ஒரு பர்லாங்கு என்பது சிறு விவசாயிகள் நிறைந்த ஊரில் நான்கைந்து பட்டாதாரர்களின் நிலத்தைக் கடந்த தூரம்.

ஆகவே பழைய தாளின் மூலைகளில் அச்சிட்ட எண்களைக் கொண்டு படத்தைப் பொருத்தலாகாது. தாளிலும் நேரிலும் ஐயமின்றித் தெரியும் ரெயில்வே கேட், பாலம், தெப்பக்குளத்தின் மூலை முதலியவற்றைக் கொண்டே பொருத்தவேண்டும். திறந்த வரிசைத் தாள் டபிள்யூ.ஜி.எஸ். 84 கணக்கிலேயே அச்சாகியிருப்பதால் அதற்கு இத்தொல்லை இல்லை. கருவியின் அமைப்புப் பட்டியலில் டேட்டம் என்ற இடத்திலும் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்பதையே வைக்கவேண்டும். அப்பட்டியலில் இந்தியன் என்று தொடங்கும் பெயர்களும் காணப்படலாம். நம் நாட்டின் பெயராயிற்றே என்று அதைத் தேர்ந்துகொண்டால், மேற்சொன்ன ஒரு பர்லாங்கு வித்தியாசம் வேறு வழியாக உள்ளே புகுந்துவிடும்.

இனி எண்களை எழுதும் முறை. மீட்டர்க் கணக்கில் இடத்தைக் குறிக்கும் யூ.டி.எம். என்ற முறை பல ஜில்லாக்களுக்குச் சௌகரியமானது; திண்டுக்கல்லுக்கு அன்று. அம்முறையில் உலகம் ஆறு ஆறு பாகை அகலமுள்ள வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 43-ஆவது வலயம் முடிந்து 44-ஆவது வலயம் தொடங்குவது அதே 78-ஆவது தீர்க்கரேகையில்தான். ரேகைக்குச் சற்று மேற்கே கிழக்கெண் 8,28,000-க்கு மேல் இருக்கும். வரப்பைத் தாண்டிக் கிழக்கே கால் வைத்தவுடன் 1,71,000 சொச்சமாக மாறிவிடும். மேற்குப் பக்கத்துக் கிணறு ஒன்றின் எண்ணை வலய எண் இல்லாமல் எழுதிக் கொடுத்து, வாங்கியவர் அதை 44-ஆவது வலயம் என்று கொண்டால், அக்கிணறு வங்காள விரிகுடாவின் நடுவே போய் நிற்கும். மானிய வேலைகளுக்கு இடக்குறிப்பு கேட்கப்படும் இக்காலத்தில் இது வெறும் வேடிக்கையாக முடிவதில்லை. விண்ணப்பம் திரும்பி வரும், பருவமும் தப்பும்.

ஆகையால் இப்பகுதியார் பாகையைத் தசம எண்ணாகக் காட்டும் முறையையே கருவியில் வைத்துக்கொள்வது உத்தமம். தசமத்தில் ஐந்து இடங்கள் எழுதினால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வரையில் குறித்ததாகும். பாகை-கலை முறையில் பத்துப் பாகை 22.5 கலை என்று காட்டியதை 10.225 என்று எழுதிவிடக் கூடாது. சரியான எண் 10.375, இவ்விரண்டுக்கும் இடையே பதினாறு கிலோமீட்டருக்கு மேல் தூரம் உண்டு.

உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தென்னிந்தியாவில் கடல்மட்டம், ஜி.பி.எஸ். கணக்கிலுள்ள பூமியின் மேற்பரப்பைவிட ஏறத்தாழ தொண்ணூறு மீட்டர் தாழ்ந்திருக்கிறது. நல்ல கையடக்கக் கருவிகள் இதைத் தாமே சரிசெய்து காட்டும். செல்போன் செயலிகள் சில அவ்வாறு செய்யாமல் உயரத்தைக் குறைத்துக் காட்டுகின்றன. ரெயில்வே நிலையத்தின் மஞ்சள் பலகையில் கடல்மட்டத்திற்கு மேலான உயரம் எழுதப்பட்டிருக்குமாதலால், அங்கே நின்று ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

அமைத்து முடித்ததும் கருவியைச் சோதிக்காமல் நம்பலாகாது. வெட்டவெளியில் ஐந்து நிமிஷம் கருவியை வைத்திருந்து, படத்தில் தெளிவாகத் தெரியும் ஓரிடத்தில் நின்று குறியிட வேண்டும். பிறகு இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி மற்றோரிடத்திலும் அவ்வாறே செய்யவேண்டும். இரண்டு குறிகளும் ஒரே திசையில் ஒரே தூரம் விலகியிருந்தால் குறை பெரும்பாலும் டேட்டத்தில் இருக்கும். ஒன்று ஒரு பக்கமும் மற்றது வேறு பக்கமும் விலகினால் படம் சரியாகப் பொருத்தப்படவில்லை என்று அறியலாம். புளியமரத்தடியிலும் அடர்ந்த தென்னந்தோப்பிலும் சோதனை செய்தல் பயன்படாது.

நிற்க, இக்கருவி எதற்கு உதவாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். திறந்த வெளியிலும் மூன்று முதல் ஐந்து மீட்டர் வரையில் பிழை இருப்பது சாதாரணம். ஏக்கர் நிலம் சதுரமாயின் ஒரு பக்கம் 63.6 மீட்டர்; அதில் ஒரு பக்கம் மூன்று மீட்டர் நகர்ந்தாலே நாலேமுக்கால் சென்ட் கூடவோ குறையவோ செய்யும். எல்லைத் தகராறு உள்ள இடத்தில் கருவியைக் காட்டி வழக்காடுதல் வீண். அங்கே புலப்படமும் எல்லைக்கல்லும் சர்வேயரின் அளவுமே செல்லும். கிராம நிர்வாக அலுவலர்களும் கருவியின் எண்ணை எல்லைக்குச் சான்றாக எழுதிக்கொடாமல், கிணறு, குட்டை, மரம் முதலியவற்றின் இருப்பிடக் குறிப்பாக மட்டும் கொள்ளவேண்டும்.

சமமட்ட வரப்பு போடுவதற்கும் இப்படம் போதாது. டோப்போ ஷீட்டில் சம உயரக் கோடுகள் பொதுவாக இருபது மீட்டருக்கு ஒன்றாக வரையப்பட்டிருக்கும். நூற்றுக்கு ஒன்று வீதம் சரியும் நிலத்தில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே இரண்டு கிலோமீட்டர் தூரம் இருக்கும். ஒரு கிராமம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடலாம். தயாரான படக்கோப்புகளில் நெருக்கமான கோடுகளைக் கண்டு மகிழ்ந்துவிடலாகாது. அவற்றிற் பல 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்வெளி ஓடம் ஒன்றிலிருந்து ரேடார் கொண்டு எடுத்த அளவுகளினின்றும் கணித்து வரையப்பட்டவை. சில மீட்டர் பிழை அவற்றில் இயல்பு. தோப்பின் தலையையே தரை என்று எடுத்துக்கொண்ட இடங்களும் உண்டு. வரப்புக்கு ஏ வடிவச் சட்டமோ, நீர் நிரப்பிய குழாயோ, மட்டக் கருவியோ கொண்டு நிலத்திலேயே மட்டம் பார்க்கவேண்டும். நீர் எப்பக்கமிருந்து வருகிறது என்பதைப் படம் சொல்லும். எத்தனை அங்குலம் சரிவு என்பதை மட்டப்பலகைதான் சொல்லும்.

குறிப்புப் புத்தகத்தில் ஒவ்வொரு இடத்திற்கும் தேதி, சர்வே எண், தசமப் பாகையில் இரண்டு எண்கள், டேட்டத்தின் பெயர் ஆகியவற்றை எழுதி வைக்கவேண்டும். கருவியை ஆரம்ப நிலைக்குத் திருப்பினாலும், வேறொருவருக்கு இரவல் கொடுத்து வாங்கினாலும், அமைப்புகள் மாறியிருக்கக்கூடும். ஆதலால் அப்போதெல்லாம் முன் சோதித்த அதே பாலத்திலோ கேட்டிலோ மறுபடியும் ஒருமுறை நின்று பார்த்துக்கொள்ள வேண்டும்.