கல்விச் செலவும் வருமான வரியும்

கல்வியின் பொருட்டுச் செலவிடும் பணத்துக்கு அரசாங்கம் வரியில் சலுகை அளிக்கின்றது என்பதை நம்மில் அநேகர் கேள்வியுற்றிருப்பர். அச்சலுகை யாருக்கு உரியது, எந்தச் செலவுக்கு உரியது, எத்துணைக் காலம் உரியது என்பவற்றைத் தெளிவாக அறிந்தோர் சிலரே. கலாசாலையில் சேரும் நாளிலேயே இவற்றை அறிந்துகொள்ளாதவர், பின்னர் உத்தியோகத்தில் அமர்ந்து கடனைத் திருப்பிச் செலுத்தும் காலத்தில் வருந்த நேரிடும். ஆதலின் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

நம் நாட்டில் வருமான வரி முதன்முதலாக 1860ஆம் வருஷத்தில் விதிக்கப்பட்டது. பின்னர் 1922ஆம் வருஷத்துச் சட்டமும், அதனை அடுத்து 1961ஆம் வருஷத்துச் சட்டமும் எழுந்தன. 2026 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு உரியது 2025ஆம் வருஷத்துச் சட்டம். பழைய சட்டத்தில் 80சி, 80ஈ என்று வழங்கிய பிரிவுகள் புதிய சட்டத்தில் 123, 129 என்னும் எண்களைப் பெற்றுள்ளன. எண் மாறினும் கருத்து மாறவில்லை. நாம் அறியவேண்டியன இவ்விரண்டு பிரிவுகளுமே.

முதற்கண் ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ளுதல் வேண்டும். சலுகை இருவகைப்படும். வரித்தொகையிலேயே ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்வது ஒருவகை. வரி கணக்கிடுமுன் வருமானத்தில் ஒரு பகுதியைக் கழிப்பது மற்றொரு வகை. கனடா தேசத்தில் முதல் வகை வழங்குகின்றது. அங்கே கல்விக் கட்டணத்துக்குரிய சலுகை மாணவனுக்கே உரியது. அவனுக்கு வரி இல்லாதபோது அதனை வருங்காலத்துக்கு எடுத்துச் செல்லலாம். அல்லது ஒரு வருஷத்துக் கட்டணத்தில் 5,000 டாலர் வரையிலான பகுதிக்குரிய சலுகையைப் பெற்றோர் முதலியோருக்கு மாற்றிக் கொடுக்கலாம். நம் நாட்டில் உள்ளதோ இரண்டாம் வகை. இங்கே பணம் செலுத்தியவருக்கு வரி விதிக்கத்தக்க வருமானம் இருந்தாலன்றிச் சலுகையால் பயனில்லை. பயன்படாத கட்டணக் கழிவை அடுத்த வருஷத்துக்கு எடுத்துச் செல்லவும் இயலாது.

இனி, முதற்பிரிவைக் காண்போம். நம் முன்னோர் 'பள்ளிக்கூடச் சம்பளம்' என்று வழங்கிய கற்பித்தற் கட்டணத்தைப் பெற்றோர் தம் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். பள்ளியாயினும் கலாசாலையாயினும் அஃது இந்தியாவில் இருத்தல் வேண்டும். படிப்பும் முழுநேரப் படிப்பாதல் வேண்டும். ஒருவர் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டுமே இதனைக் கோரலாம். தந்தையும் தாயும் தனித்தனியே வரி செலுத்துவோராயின், அவரவர் செலுத்திய கட்டணத்துக்கு அவரவர் கோரலாம். ஆதலின் மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் இருவரும் பகிர்ந்து செலுத்துதல் நலம். வருங்கால வைப்பு நிதி, ஆயுள் இன்ஷூரன்ஸ் முதலியவற்றோடு சேர்த்து மொத்தக் கழிவு வருஷத்துக்கு 1,50,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. நன்கொடை, வளர்ச்சி நிதி, விடுதிச் செலவு, பஸ் கட்டணம் ஆகியவை இதில் சேரா. மாணவன் தன் சம்பாத்தியத்தைக்கொண்டு தன் கட்டணத்தைத் தானே செலுத்தினாலும் இப்பிரிவு அவனுக்கு உதவாது. ஆதலின் கட்டணம் செலுத்தும்போது கற்பித்தற் கட்டணம் இவ்வளவு என்று தனியே காட்டும் ரசீதைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். செலுத்தியவர் யார் என்பதும் விளங்குதல் வேண்டும்.

இரண்டாம் பிரிவு கல்விக் கடனைப் பற்றியது. மேல்நிலைப் பள்ளித் தேர்வுக்குப் பின் பயிலும் எந்தப் படிப்புக்கும் வாங்கிய கடனின் வட்டி முழுவதையும் வருமானத்தில் கழிக்கலாம். தொகைக்கு உச்சவரம்பு இல்லை. அயல்நாட்டில் பயில வாங்கிய கடனுக்கும் இஃது உரியது. தனக்காகவோ, கணவன் அல்லது மனைவிக்காகவோ, பிள்ளைகளுக்காகவோ கடன் வாங்கியவர் இதனைக் கோரலாம். ஆயின் வட்டிக்கு மட்டுமே சலுகை, அசலுக்கு இல்லை. கடன் கொடுத்தது பாங்கியாகவோ, அரசாங்கம் அங்கீகரித்த நிறுவனமாகவோ இருத்தல் வேண்டும். நம் கொங்கு நாட்டில் மாமனிடமோ சிற்றப்பனிடமோ கைமாற்று வாங்கியும், தறி வைத்திருப்பவர் நூல் வியாபாரியிடம் வட்டிக்கு வாங்கியும் பிள்ளைகளைப் படிக்கவைப்பதுண்டு. அவ்வட்டிக்கு ஒரு காசும் கழிவு கிடையாது. பாங்கியிலேயே நகையை அடகு வைத்து வாங்கிய கடனையும் பின்னர்க் கல்விக்கடன் என்று நிறுவுவது எளிதன்று.

கடன் யார் பெயரில் உள்ளது என்பதே இங்கு உயிரான விஷயம். தந்தை தம் பெயரில் மட்டும் கடன் பெற்று, மகள் உத்தியோகத்தில் அமர்ந்தபின் தன் ஊதியத்திலிருந்து அதனை அடைத்தாலும், கடன் வாங்கியவள் அவள் அல்லளாதலின் அவளுக்குக் கழிவு இல்லை. கையெழுத்திடும் நாளில் ஐந்து நிமிஷம் கவனித்துப் படிவத்தைப் படித்திருந்தால் இந்நஷ்டம் நேராது.

காலவரம்பும் உண்டு. வட்டி செலுத்தத் தொடங்கிய வருஷமும் அதனை அடுத்த ஏழு வருஷங்களும் ஆக எட்டு வருஷங்களுக்கே கழிவு உரியது. வரி விதிக்கத்தக்க வருமானம் இல்லாத காலத்திலேயே மாணவன் வட்டி செலுத்தத் தொடங்கினால், அவ்வெட்டில் சில வருஷங்கள் பயனின்றிக் கழியும். ஆயினும் வட்டி குவியாமல் காப்பதும் ஓர் ஊதியமே. வரிக்கழிவு ஒன்றையே கருதி வட்டியை வளரவிடுதல் அறிவுடைமை ஆகாது.

நிற்க. 2020-21ஆம் நிதியாண்டில் புதிய வரிமுறை ஒன்று வந்தது. 2023-24 முதல் அதுவே இயல்பான முறையாயிற்று. அம்முறையில் வரிவிகிதம் குறைவு. ஆனால் மேற்கூறிய இரண்டு கழிவுகளும் இல்லை. பழைய முறையை வேண்டுவோர் குறித்த தவணைக்குள் தாமே தெரிந்தெடுத்தல் வேண்டும். எது நலம் என்பதைக் கணக்கே காட்டும். 2025-26ஆம் நிதியாண்டின் விகிதப்படி, வருஷச் சம்பளம் 9,00,000 ரூபாய் பெறும் ஒருவருக்குப் புதிய முறையில் வரியே இல்லை. அவர் கழிவைத் தேடி அலையவேண்டுவதில்லை. 15,00,000 ரூபாய் பெறும் ஒருவருக்குப் புதிய முறையில் வரி 97,500 ரூபாய். அவரே பழைய முறையில் 80சி கழிவாக 1,50,000 ரூபாயும், வீட்டுக்கடன் வட்டியாக 2,00,000 ரூபாயும் காட்டினால் வரி 1,48,200 ரூபாய். ஆதலின் புதிய முறையே நலம். இவற்றோடு கல்விக்கடன் வட்டி 3,00,000 ரூபாயும் சேருமாயின், பழைய முறையில் வரி 75,400 ரூபாயாகக் குறைகின்றது. கல்விக்கடன் வட்டி ஒன்றே தராசைத் திருப்பிவிட்டது. ஆகவே பிறர் சொல்லைக் கேட்டு ஒரு முறையைத் தழுவாமல், பிரதிவருஷமும் இருமுறையிலும் கணக்கிட்டுப் பார்த்தல் கடமை.

வரி செலுத்தாத குடும்பங்களின் நிலை யாது? பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்காரருக்கும், ஈரோட்டு மஞ்சள் விவசாயிக்கும் வேளாண்மை வருமானத்துக்கு வரி இல்லை. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளிக்கு வருமானமே வரியின் எல்லையைத் தொடுவதில்லை. வருமானக் கழிவு இவர்களுக்குப் பயன்படாது. இவர்களுக்கு வேண்டுவது நேரான உதவியே. கல்விச் செலவுக்கென அளிக்கப்படும் உபகாரச் சம்பளத்துக்கு வரி கிடையாது. அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியருக்கு 2022இல் புதுமைப் பெண் திட்டமும், மாணவருக்கு 2024 ஆகஸ்டு 9ஆம் தேதி நம் கோயமுத்தூரிலேயே தொடங்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதந்தோறும் 1,000 ரூபாய் உதவும் நோக்குடன் எழுந்தன. இவ்வகை உதவிகளை முதலில் நாடிய பின்னரே கடனை நாடுதல் முறை.

மாணவ நண்பர்களே! ரசீதுகளை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். கடன் பத்திரத்தில் உங்கள் பெயர் கடன் பெறுவோராக இருக்கின்றதா என்று பாருங்கள். வட்டி செலுத்தத் தொடங்கிய பின் வருஷந்தோறும் பாங்கியில் வட்டிச் சான்றிதழ் பெறுங்கள். உங்கள் பெற்றோர் பலர் வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தை எண்ணிப் பாராமலே கட்டணமாகச் செலுத்துகின்றனர். அதில் சட்டம் திருப்பித் தருவதை விடாமல் பெறச்செய்வது, படித்த பிள்ளை அவர்களுக்குச் செய்யக்கூடிய முதற் கைம்மாறாகும்.