ரெண்டு பேருக்கு எவ்வளவு சாமான்?

பிள்ளைங்க எல்லாம் வெளியூர் போயாச்சு. மூத்தவன் சென்னையில, சின்னவ சிங்கப்பூர்ல. வலங்கைமான்லயும் சுத்துப்பட்டு ஊர்லயும் நிறைய வீட்டில இப்ப ரெண்டே பேர்தான், அறுபதைத் தொட்டவங்க. ஆனா மளிகைக் கடைக்குப் போற சீட்டு மட்டும் இன்னும் ஆறு பேர் சாப்பிட்ட காலத்துச் சீட்டாவே இருக்கு. அரிசி சிப்பம், எண்ணெய் அஞ்சு லிட்டர், சர்க்கரை மூணு கிலோ, ஊறுகாய், அப்பளக்கட்டு. வாங்கி வச்சதை வீணாக்க மனசு வராது. அதனால ரெண்டு பேரே தின்னு தீர்க்குறோம். தங்கச்சி, அறுபதுக்கு மேல உடம்பைப் பார்த்துக்கணும்னா முதல்ல திருத்த வேண்டியது அந்தச் சீட்டைத்தான். வீட்டுக்குள்ள வராத சாமானை யாரும் திங்க முடியாது. அலமாரியில இருக்கிறதை வேணாம்னு சொல்ற வைராக்கியம் ராத்திரி பத்து மணிக்கு யாருக்கும் வராது.

கணக்கு ஒண்ணு சொல்றேன், ஒரு பேப்பர்ல குறிச்சுக்கோ. ஐதராபாத்தில இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல உணவு வழிகாட்டி ஒண்ணு வெளியிட்டாங்க. 2000 கலோரி சாப்பிடுற ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு அரிசி, கோதுமை, ரவை, கேழ்வரகு எல்லாம் சேர்த்து 250 கிராம். பருப்பும் பயறும் 85 கிராம். காய், கீரை 400 கிராம். பழம் 100 கிராம். பால், தயிர் 300 மில்லி. எண்ணெய் 27 கிராம். உப்பு 5 கிராமைத் தாண்டக் கூடாது.

இதை ரெண்டு பேருக்கு, முப்பது நாளைக்குப் பெருக்கிப் பாரு. தானியம் மொத்தமா 15 கிலோ. பருப்பு, பயறு 5 கிலோ. எண்ணெய் ரெண்டு லிட்டருக்கும் கீழ. உப்பு 300 கிராம்.

இப்ப உன் சீட்டை எடுத்துப் பக்கத்தில வை. சோத்துக்கு, இட்லிக்கு, பலகாரத்துக்குன்னு அரிசி மட்டுமே 25 கிலோ இருக்கும். பருப்பு துவரை ஒண்ணு, உளுந்து ஒண்ணு, அவ்வளவுதான். நம்ம ஊர்ச் சாப்பாட்டில இருக்கிற குறை அந்த ரெண்டு எண்ணிலேயே தெரியுது. சோறு மலை மாதிரி, பருப்பு ஒரு கரண்டி. வீட்டோட இருக்கிற அறுபது வயசுப் பொம்பளைக்கு 2000 கலோரிகூடத் தேவைப்படாது. அதனால தானியத்தை இன்னும் குறைக்கலாம், பருப்பைக் குறைக்கக் கூடாது.

நாம நெல்லு விளையுற ஊர்க்காரங்க. சோத்தைக் குறைன்னு சொன்னா ஏதோ அபசகுனம் பேசுற மாதிரி பார்ப்பாங்க. ஆனா சோறு இவ்வளவு தேவைப்பட்டது நாத்து நட்டு, களை பறிச்சு, கதிர் அறுத்த உடம்புக்கு. இப்ப அறுவடைக்கு மெஷின் வருது, நம்ம உடம்பு டி.வி. முன்னாடி உக்காந்திருக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) நாடு முழுக்க எடுத்த கணக்கை 2023-ல வெளியிட்டப்போ, இந்தியாவுல சர்க்கரை வியாதிக்காரங்க 10 கோடியைத் தாண்டியிருந்தாங்க. தமிழ்நாட்டோட விகிதம் நாட்டுச் சராசரியைவிட அதிகம். அதே ஆய்வுக்காரங்க 2025-ல இன்னொண்ணும் சொன்னாங்க. நாம சாப்பிடுற கலோரியில 62 சதவீதம் மாவுச்சத்துலேர்ந்து வருதாம். அரிசியை விட்டுட்டுக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறினா மட்டும் பெருசாப் பலன் இல்லை, மொத்த மாவுச்சத்தைக் குறைச்சு அந்த இடத்தில பருப்பு, பயறு, பால் மாதிரிப் புரதத்தை வச்சாத்தான் சர்க்கரை வர்ற வாய்ப்பு குறையுதுன்னு கண்டாங்க. ராத்திரி சோத்துக்குப் பதிலா நாலு சப்பாத்தி சாப்பிட்டுட்டு டயட்ல இருக்கேன்னு சொல்றவங்களுக்கு இதை எடுத்துச் சொல்லு.

புரதத்துக்கு நாம எங்கேயும் அலைய வேணாம். தையில சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கறப்பவே ஈரவயல்ல உளுந்தும் பச்சைப்பயறும் தெளிச்சு விடுறது நம்ம டெல்டா வழக்கம். பங்குனி வாக்கில புது உளுந்து, புதுப் பயறு களத்துக்கு வரும். அப்பவே தெரிஞ்ச விவசாயிகிட்ட வருஷத்துக்கு வேண்டியதை வாங்கி, நல்லாக் காய வச்சு, டின்ல போட்டு மூடிடு. தோலோட இருக்கிற கறுப்பு உளுந்தா வாங்கு. தோலுரிச்சு வெள்ளையாக்கினா நார்ச்சத்து போயிடும். உளுந்தங்கஞ்சி நம்ம ஊர்ல வயசுக்கு வந்த பொண்ணுக்கும் பிள்ளை பெத்தவளுக்கும்தான்னு ஒதுக்கி வச்சிருக்கோம். அறுபது வயசு இடுப்புக்கும் அது வேணும். கருப்பட்டியைக் கொட்டாம, பூண்டும் வெந்தயமும் போட்டு உப்புக் கஞ்சியாவே காய்ச்சு.

வயசாக ஆக சதை கரையும். கை கால் மெலிஞ்சு வயிறு மட்டும் முன்னாடி வர்றது அதனாலதான். அதுக்காக, வயசானவங்க எடைக்கு ஒரு கிலோவுக்கு 1 கிராமுக்குக் குறையாம புரதம் சாப்பிடணும்னு மருத்துவர்கள் சொல்றாங்க. நீ 55 கிலோன்னா 55 கிராம். ஒரு முட்டையில 6 கிராம்தான் இருக்கு. ஒரு கைப்பிடி நிலக்கடலையில 7, ஒரு கிண்ணம் சுண்டல்ல 6 இல்லேன்னா 7. ராத்திரிக்கு ரசம் சோறும் அப்பளமும்னு முடிச்சா அந்தக் கணக்கு எட்டவே எட்டாது. மீன் சாப்பிடுற வீடா இருந்தா வஞ்சிரத்துக்குக் காசைக் கொட்டாதே. நாகப்பட்டினத்துலேர்ந்து வர்ற மத்தி மலிவு, இதயத்துக்கு நல்ல கொழுப்பும் அதுலதான் அதிகம். கிட்னிக்கு வைத்தியம் பார்க்கறவங்க மட்டும் புரதத்தைக் கூட்டுறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டுக்கணும்.

அரிசியைப் பத்திச் சொந்த நெல்லு வச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. மில்லுல "நல்லா வெள்ளையா வரணும்"னு சொல்றதை நிறுத்து. தவிடு முழுக்கப் போகாம, பட்டை தீட்டாம அரைக்கச் சொல்லு. அப்படி அரைச்ச அரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், வண்டு விழும், தவிட்டுல எண்ணெய் இருக்கறதால. அதனால மூட்டையா அரைக்காம பதினஞ்சு நாளைக்கு வேண்டியதை மட்டும் அரை. பச்சரிசியைவிடப் புழுங்கல் மேல். நெல்லை அவிக்கறப்போ தவிட்டுல இருக்கிற பி வைட்டமின் கொஞ்சம் அரிசிக்குள்ள இறங்கிடுது. நம்ம மாவட்டத்துல ஆதிரெங்கத்தில இருந்த நெல் ஜெயராமன், 2018-ல சாகற வரைக்கும் 170-க்கு மேல பாரம்பரிய ரகங்களை மீட்டுக் கொடுத்துட்டுப் போனார். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் எல்லாம் இன்னைக்குக் கடையில கிடைக்குதுன்னா அவரை மாதிரி ஆளுங்களாலதான். அந்த அரிசியை வாங்கு, சந்தோஷம். ஆனா அதையும் அளந்து போடு. கறுப்பரிசி ஆனாலும் சிவப்பரிசி ஆனாலும் சோறு சோறுதான்.

ஒரு எச்சரிக்கை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்க சோத்தைத் திடீர்னு பாதியாக்கினா சர்க்கரை ரொம்ப இறங்கி மயக்கம் வரலாம். டாக்டர்கிட்ட சொல்லிட்டு மருந்தளவைச் சரிபண்ணிக்கிட்டே குறை.

உப்பை அளக்க சுலபமான வழி இருக்கு. பாக்கெட்டைப் பிரிக்கற அன்னைக்கு அதுமேல பேனாவால தேதி எழுது. ரெண்டு பேர் இருக்கிற வீட்டில ஒரு கிலோ உப்பு மூணு மாசத்துக்கு மேல வரணும். மாசம் ஒரு பாக்கெட் தீருதுன்னா, ஊறுகாய், அப்பளம், வத்தல், கருவாட்டில வர்றதைச் சேர்க்காமலே அளவைத் தாண்டிட்டேன்னு அர்த்தம். பி.பி. மாத்திரையைக் கூட்டிக்கிட்டே போறதுக்கு முன்னாடி இந்தப் பாக்கெட்டைப் பாரு. கும்பகோணத்து அப்பளம் நமக்கெல்லாம் உசுரு, தெரியும். ஆனா அதுல உப்போட அப்பளக்காரமும் இருக்கு, ரெண்டுமே சோடியம். தினமும் வேணாம், விசேஷத்துக்கு வச்சுக்கோ. இந்துப்புன்னு வாங்கினாலும் அது பெரும்பாலும் அதே உப்புதான், அயோடின் மட்டும் குறையும். சோடியம் குறைஞ்ச உப்புன்னு விக்கறதுல பொட்டாசியம் இருக்கு. கிட்னிக் கோளாறு இருக்கறவங்களும், பி.பி.க்குச் சில மாத்திரை எடுக்கறவங்களும் டாக்டரைக் கேட்காம அதைத் தொடக் கூடாது.

சர்க்கரை விஷயத்தில டிகிரி காப்பிதான் திருடன். தம்ளருக்கு ரெண்டு ஸ்பூன், நாளைக்கு ரெண்டு தம்ளர்னா அதுலயே 20 கிராம் ஆச்சு. காப்பியை விடச் சொல்லலை. வாரத்துக்கு அரை ஸ்பூன் குறைச்சுக்கிட்டே வா, நாக்கு பழகிடும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டின்னு பேரை மாத்தினா ரத்தத்துக்குத் தெரியாது. சாப்பிட்ட உடனே காப்பி, டீ குடிக்காதே. கீரையில இருக்கிற இரும்புச் சத்து உடம்புல ஒட்டாமப் போயிடும். ஒரு மணி நேரம் விடு. டீயோட தொட்டுக்கிற பிஸ்கட்டைச் சீட்டுலேர்ந்தே அடிச்சிடு. பாக்கெட்டைத் திருப்பிப் பாரு, எது அதிகமோ அதைத்தான் முதல்ல போட்டிருப்பாங்க. மைதா, சர்க்கரை, பாமாயில்னுதான் வரிசை இருக்கும். டப்பாவில வர்ற சத்துமாவு பானங்களையும் அப்படியே திருப்பிப் பாரு. 2024 ஏப்ரல்ல மத்திய வர்த்தக அமைச்சகமே இதையெல்லாம் "ஹெல்த் டிரிங்க்"னு பட்டியல் போட்டு விக்காதீங்கன்னு ஆன்லைன் கடைகளுக்குச் சொல்லியிருக்கு.

ரேஷன்ல அரிசி 2011 ஜூன்லேர்ந்து இலவசம். இலவசம்கிறதால மொத்தத்தையும் நாமளே சமைக்கணும்னு இல்லை. துவரம்பருப்பை விடாம வாங்கு. பாமாயில்ல பாதிக்குப் பாதி கெட்டியாகிற கொழுப்பு, அதை ரெண்டு பேர் வீட்டுல தினப்படி தாளிக்க வேணாம். நல்லெண்ணெயும் கடலெண்ணெயும் மாத்தி மாத்தி அரை லிட்டர், அரை லிட்டரா வாங்கு. பெரிய கேன் இருந்தா கை தாராளமாச் சாயும்.

வெத்திலை பாக்கு. இதைச் சொன்னா உனக்குக் கோபம் வரும். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-லயே சொல்லியாச்சு, புகையிலை இல்லாட்டாலும் பாக்கே வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம்னு. நம்ம பக்கத்துப் பாட்டிகள் எத்தனை பேர் புகையிலையைக் கன்னத்தில அடக்கிக்கிட்டே படுத்திருக்காங்க! பாக்கையும் புகையிலையையும் சீட்டுல எழுதாதே. சாப்பாட்டுக்கு அப்புறம் வாய் எதையாவது தேடுச்சுன்னா சோம்பு போதும். வாயில ஆறாத புண்ணோ வெள்ளைப் படையோ இருந்தா நாளைக்கே காட்டு.

காயை மட்டும் மாசச் சீட்டுல எழுதாதே. தாராசுரம் மார்க்கெட்டிலேர்ந்து மொத்தமா அள்ளிக்கிட்டு வந்து ஃப்ரிட்ஜ்ல அடுக்கினா பாதி வாடும். ரெண்டு பேருக்கு நாளைக்கு 800 கிராம் காய். அதுக்குத் தினம் கடைத்தெருவுக்கு நடந்தே போ. காய்க்குக் காயும் ஆச்சு, நடைக்கு நடையும் ஆச்சு. வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமா நடக்கணும்கிறது உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு. வெயில் ஏறறதுக்கு முன்னாடி குடமுருட்டிக் கரையில நட. அதோட, வாரத்துக்கு மூணு நாளாவது நாற்காலியிலேர்ந்து கையை ஊணாம பத்துத் தடவை எந்திரிச்சு உக்காரு. சுவரைத் தொட்ட மாதிரி நின்னு ஒத்தைக்காலைத் தூக்கிப் பழகு. வழுக்கி விழாம இருக்கறதுக்கு அதுதான் பயிற்சி.

சாப்பிடாத சாமானும் சீட்டுல சேரணும். பாத்ரூமுக்கு வழுக்காத மேட், ராத்திரி விடிவிளக்கு, கைப்பிடிக் கம்பி, கையில கட்டிப் பார்க்கற பி.பி. மெஷின். சர்க்கரை இருந்தா, பாதத்துல புண் வராம காக்கற மெத்துனு இருக்கிற எம்.சி.ஆர். செருப்பு. ஊறுகாய்க்கும் மிக்சருக்கும் போன காசு இதுக்குப் போகட்டும்.

பங்குனியில நம்ம மாரியம்மன் கோயில்ல பாடைக்காவடி பார்த்திருக்கே. சாவுக்குப் பக்கத்தில போய்த் திரும்பினவங்க நேர்ந்துக்கிட்டு, செத்தவங்க மாதிரியே பாடையில படுத்து வந்து அம்மாளுக்கு நன்றி சொல்றாங்க. எனக்கு அதைப் பார்க்கறப்பல்லாம் கண்ணு கலங்கும். கிடைச்ச உசுரு எவ்வளவு பெருசுன்னு தெரிஞ்ச ஊரு இது. அந்தக் கட்டம் வரைக்கும் போகாம முன்னாடியே காபந்து பண்ணிக்கணும்னுதான் நான் மல்லுக்கட்டுறேன். 2021 ஆகஸ்ட்டில ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பி.பி.யும் சர்க்கரையும் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை குடுக்கறாங்க. அந்தத் திட்டத்துலேர்ந்து பொண்ணு வர்றப்போ "எனக்கு ஒண்ணுமில்லை"ன்னு அனுப்பாதே. கையை நீட்டு.

உன் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். முதல் மாசமே எல்லாத்தையும் மாத்தாதே. இந்த மாசம் உப்பும் அப்பளமும், அடுத்த மாசம் பருப்பைக் கூட்டி அரிசியைக் குறை, அப்புறம் சர்க்கரை. சோத்துக்கு முன்னாடி ஒரு கிண்ணம் கூட்டும் கீரையும் வச்சுட்டா அவரே ரெண்டாவது தடவை சோறு கேக்க மாட்டார்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பிள்ளைங்க வர்றப்போ அவங்களுக்குன்னு தனிச் சீட்டு எழுது. முறுக்கு, அதிரசம், திருவையாறு அசோகா, எது வேணுமோ வாங்கு, ஆசை தீரச் செய்து போடு, நீயும் ஒரு வாய் சாப்பிடு. பஸ் ஏறறப்போ மிச்சத்தை அவங்க பையிலேயே கட்டிக் குடுத்துடு. பை நிறைஞ்சு போச்சுன்னா பக்கத்து வீட்டுப் பசங்களைக் கூப்பிடு.