கிளை பிரியும் இடத்தில்

சாங்கியிலிருந்து விசைப்படகில் ஏறினால் சிறிது நேரத்தில் புலாவ் உபின் தீவை அடைந்துவிடலாம். ஒரு சனிக்கிழமை காலை, அண்ணனும் தங்கையும் அத்தீவின் படகுத்துறையில் இறங்கினார்கள். அண்ணன் உயர்நிலை நான்கில் படிப்பவன். தங்கை உயர்நிலை ஒன்றில் இருப்பவள். இருவரும் அருகிலிருந்த கடையில் மிதிவண்டிகளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கெத்தாம் மலை மிதிவண்டிப் பூங்காவை நோக்கிப் புறப்பட்டார்கள்.

கெத்தாம் என்ற மலாய்ச் சொல்லுக்கு நண்டு என்று பொருள். அந்தப் பெயரைக் கொண்ட கற்குவாரி ஒன்று முன்பு அங்கே இயங்கியது. உபினில் வெட்டியெடுத்த கருங்கற்கள் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டவும் ஜொகூர் கடற்பாலத்தை அமைக்கவும் பயன்பட்டன. இப்போது கற்குவாரியில் நீர் நிரம்பி ஏரிபோல் காட்சியளிக்கிறது. அதைச் சுற்றியுள்ள சுமார் 45 ஹெக்டர் நிலத்தில் 2008ஆம் ஆண்டு இந்தப் பூங்கா திறக்கப்பட்டது. ஏறக்குறைய 10 கிலோமீட்டர் நீளத்துக்குத் தடங்கள் உள்ளன.

பூங்காவுக்குள் சிறிது தூரம் சென்றதும் தடம் இரண்டாகப் பிரிந்தது. இடப்புறப் பலகையில் நீலச் சதுரம். வலப்புறப் பலகையில் கறுப்பு வைரம்.

“அண்ணா, இந்தப் பக்கம் போகலாமா?” என்று தங்கை நீலச் சதுரத்தைக் காட்டினாள்.

“அது சின்னப் பிள்ளைகள் போகிற பாதை. நீ அதில் வா, நான் இதில் போகிறேன். கீழே சந்திப்போம்,” என்றான் அண்ணன்.

அண்ணன் சொன்னது தவறு. இந்தக் குறியீடுகளை வட அமெரிக்காவின் பனிச்சறுக்குச் சரிவுகளிலிருந்து மலை மிதிவண்டித் தடங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். வெள்ளை வட்டம் மிக எளிய தடத்தையும் பச்சை வட்டம் எளிய தடத்தையும் குறிக்கும். நீலச் சதுரம் அவற்றுக்கு அடுத்த நிலை. அதற்கு ஓரளவு பழக்கம் வேண்டும். கறுப்பு வைரம் கடினமானது. இரட்டைக் கறுப்பு வைரம் மிகமிகக் கடினமானது. தடத்தின் அகலம், சரிவு, தரையின் தன்மை, குறுக்கே கிடக்கும் கல், வேர் ஆகியவற்றைப் பார்த்தே ஒரு தடத்துக்குக் குறியீடு இடுவார்கள். ஓட்டுபவரின் வயதுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பிரிட்டனில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று வரிசை சற்று மாறும். ஆகவே, வெளியூர் செல்பவர்கள் அவ்வூர்ப் பலகையின் விளக்கத்தை முதலில் படித்துவிடுவது நல்லது.

தடங்களை இப்படித் தரம் பிரிக்க வேண்டிய தேவை தொடக்கத்தில் இருக்கவில்லை. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மரின் வட்டாரத்து இளைஞர்கள் தடித்த சக்கரங்கள் கொண்ட பழைய மிதிவண்டிகளை மலைமேல் ஏற்றிச் சென்று, மண்பாதையில் கீழே ஓட்டி வந்தார்கள். 1976இல் அங்கே ‘ரீபேக்’ என்ற போட்டி தொடங்கியது. அந்தப் பெயர் வந்த கதை வேடிக்கையானது. செங்குத்தான இறக்கத்தில் விடாமல் பிரேக் பிடித்ததால், பின்சக்கர அச்சிலிருந்த மசகு சூடேறிப் புகைந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதிய மசகை அடைக்க வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் ‘ரீபேக்’ என்றால் மறுபடியும் அடைத்தல்.

ஆனால், அதே பாதைகளில் நடப்பவர்களும் குதிரையில் செல்பவர்களும் இருந்தார்கள். வளைவில் திடீரென்று ஒரு மிதிவண்டி பாய்ந்து வந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? புகார்கள் குவிந்தன. மலை மிதிவண்டி பிறந்த அந்த மலைகளிலேயே பல ஒற்றையடிப் பாதைகளில் மிதிவண்டிக்குத் தடை விதிக்கப்பட்டது. பாதைகள் இப்படி மூடப்படுவதைக் கண்ட கலிபோர்னியா மிதிவண்டிக் குழுக்கள் 1988இல் ஒன்றுகூடி, அனைத்துலக மலை மிதிவண்டிச் சங்கத்தைத் தொடங்கின. தடத்தை எப்படி அமைப்பது, எப்படிப் பகிர்ந்துகொள்வது என்ற வழிகாட்டிகளை அச்சங்கம் உருவாக்கியது. கெத்தாம் தடங்களும் அவற்றைப் பின்பற்றியே அமைக்கப்பட்டன.

தடம் அமைப்பவர்களிடம் அவர்களுடைய பெரும் பகைவன் யார் என்று கேட்டால், தண்ணீர் என்பார்கள். நம் நாட்டில் பெய்யும் மழையைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. மழைநீர் எப்போதும் மிகச் சரிவான வழியைத் தேடி ஓடும். மலைச்சரிவு 100 மீட்டருக்கு 20 மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் குறுக்கே போடும் தடம் 100 மீட்டருக்கு 10 மீட்டருக்கு மேல் இறங்கக்கூடாது. அதாவது, தடத்தின் சாய்வு மலையின் சாய்வில் பாதியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் தண்ணீர் தடத்தையே வாய்க்காலாக ஆக்கிக்கொள்ளும். இரண்டு மூன்று பெருமழைக்குள் மண் அரித்துப்போய் வேரும் கல்லும் மட்டுமே மிஞ்சும். அப்போது பச்சை வட்டத் தடம்கூட யாரும் மாற்றாமலேயே கறுப்பு வைரமாகிவிடும்.

தடத்தின் மேற்பரப்பையும் பள்ளத்தின் பக்கமாகச் சற்றுச் சாய்த்து அமைப்பார்கள். நீர் தடத்தின் வழியே ஓடாமல், குறுக்கே வழிந்து கீழே போய்விடும். நீண்ட இறக்கத்தில் ஆங்காங்கே சிறு ஏற்றம் ஒன்றையும் வைப்பார்கள். மிதிவண்டியில் அதன்மேல் ஏறி இறங்கும்போது மகிழ்ச்சியாக இருக்கும். விளையாட்டுக்காகவே அதைக் கட்டியிருக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது தண்ணீரை அந்த இடத்திலேயே தடத்தைவிட்டு வெளியேற்றுவதற்காகக் கட்டப்பட்டது.

மழை விட்டவுடன் சேற்றில் ஓட்டுவதால் வரும் கேடும் இதோடு சேர்ந்ததுதான். ஈர மண்ணில் சக்கரம் பள்ளம் பறிக்கிறது. பள்ளத்தில் நீர் தேங்குகிறது. அடுத்து வருபவர் சேற்றைத் தவிர்க்க ஓரமாக ஓட்டுகிறார். அவருக்குப் பின்னால் வருபவர் இன்னும் ஓரமாகப் போகிறார். செடிகள் நசுங்கி, ஒற்றையடிப் பாதை சாலைபோல் அகன்றுவிடுகிறது. அதனால்தான் பல நாடுகளில் பெருமழைக்குப் பிறகு தடங்களைத் தற்காலிகமாக மூடுகிறார்கள்.

நடப்பவர்களுக்கும் ஓட்டுபவர்களுக்கும் இடையிலான சிக்கலுக்குச் செஸ்நட் இயற்கைப் பூங்காவில் நேரடியான தீர்வு ஒன்றைக் காணலாம். 81 ஹெக்டர் பரப்புள்ள அப்பூங்காவில் இருசாராருக்கும் தனித்தனித் தடங்கள் உள்ளன. பூங்காவை ஒட்டியுள்ள மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதிக்கு அது ஒரு காப்பு வேலியாகவும் அமைந்திருக்கிறது. எல்லாப் பூங்காவிலும் இப்படிச் செய்ய இடம் இருக்காது. இடமில்லாத ஊர்களில் மணியடிப்பதும் வேகத்தைக் குறைப்பதும் நடப்பவருக்கு வழிவிடுவதும்தான் வழி.

பல திறன் நிலையினரும் ஒரே தடத்தில் சேர்ந்து ஓட்ட இன்னோர் எளிய ஏற்பாடும் உண்டு. கடினமான கல்லடுக்கு ஒன்று வந்தால், அதைச் சுற்றிப்போகும் சிறு கிளைத்தடம் ஒன்றையும் போட்டுவைப்பார்கள். இரண்டும் சில மீட்டருக்கு அப்பால் மீண்டும் ஒன்றாகிவிடும். தேர்ந்தவர் கல்லின்மேல் இறங்குவார். புதியவர் சுற்றி வருவார். இருவரும் அடுத்த வளைவில் பேசிக்கொண்டே போவார்கள்.

அன்று கெத்தாமில் அண்ணன் உடனே கறுப்பு வைரத்தில் பாயவில்லை. தங்கை, “அண்ணா, முதலில் நடந்து போய்ப் பாருங்களேன்,” என்றாள். அனுபவமுள்ளவர்களும் அறியாத இறக்கத்தை முதலில் நடந்துதான் பார்ப்பார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவள் வெறுமனே பயந்தாள்.

அவன் வண்டியை மரத்தில் சாய்த்துவிட்டு இருபது அடி இறங்கிப் பார்த்தான். முழங்கால் உயரத்துக்கு ஒரு கருங்கல் படி. அதை அடுத்து உடனே ஒரு திருப்பம். படியில் இறங்கியபின் வேகத்தைக் குறைக்க இடமே இல்லை. திரும்பி வந்து வண்டியின் பிரேக்கை அழுத்தினான். பிடி கைப்பிடியைத் தொடும்வரை போனது. சக்கரமோ மெல்ல உருண்டுகொண்டே இருந்தது. படகுத்துறையில் வண்டியை எடுக்கும்போதே அதைச் சோதித்திருக்க வேண்டும்.

இருவரும் நீலச் சதுரத்தில் போனார்கள். அதுவும் அவ்வளவு எளிதாக இல்லை. வேர்கள் குறுக்கே ஓடிய ஓர் இறக்கத்தில் அண்ணன் காலை ஊன்றி நின்றுவிட்டான். தங்கையின் வண்டியில் பிரேக் நன்றாக இருந்தது. மிதிகளைச் சமமாக வைத்து, இருக்கையிலிருந்து எழுந்து, முன்சக்கரத்தைப் பார்க்காமல் தொலைவில் பார்த்தபடி அவள் மெதுவாக இறங்கினாள்.

கீழே போய்ச் சேர்ந்ததும், “இன்னொரு முறை ஓட்டட்டுமா அண்ணா?” என்று கேட்டாள்.

“போய் வா,” என்று சொல்லிவிட்டு, அவன் தன் வண்டியைக் கவிழ்த்துவைத்துப் பிரேக் கம்பியைப் பார்க்கத் தொடங்கினான்.