தானியங்கி கியர் கோளாறு: பழுது பெட்டியிலா, மின்னிணைப்பிலா?

பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடிய தானியங்கி கார் ஒருநாள் கியர் மாற மறுத்தால், கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்ற முடிவு எளிதில் கூறப்பட்டுவிடுகிறது. அச்செலவு சில வேளை வண்டியின் சந்தை மதிப்பையே நெருங்கும். விபத்தால் நேராத இயந்திர, மின் பழுதுகளை வழக்கமான முழுக் காப்பீடு ஏற்பதில்லை. தொகை முழுவதும் உரிமையாளரின் சேமிப்பிலிருந்தே செல்லும். ஆகவே, பெட்டியைக் கழற்ற ஒப்புதல் அளிக்குமுன் மின்னிணைப்புகளைச் சோதிப்பது நன்று.

இவ்வகைப் பெட்டியில் கியரை மாற்றுவது எண்ணெய் அழுத்தம். எண்ணெய் செல்லும் வழியைத் திறந்து மூடுபவை சோலெனாய்டு என்னும் சிறு மின்வால்வுகள். வேக சென்சார்களின் தகவலைக் கொண்டு கட்டுப்பாட்டுக் கணினி அவற்றை இயக்குகிறது. தகவல் தவறினால், கணினி வண்டியை ஒரே கியரில் நிறுத்திப் பாதுகாக்கும். எனவே, ஒரே கியரில் சிக்கிய வண்டியின் பெட்டி பழுதாகிவிட்டது என்று பொருளன்று.

சோதனையை எளியதிலிருந்து தொடங்குக:

1. பேட்டரி: ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட்டும், எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வரையும் இருத்தல் வேண்டும். மின்னழுத்தம் குறைந்தால் கணினி தடுமாறும்.

2. எர்த் இணைப்பு: லீவரை 'பி'யில் வைத்து, கைபிரேக்கை இட்டு, ஒருவர் ஸ்டார்ட் செய்கையில், பேட்டரியின் எதிர்முனைக்கும் கியர்பாக்ஸின் உலோக உடலுக்கும் இடையே அளந்து பார்க்கவும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எர்த் ஒயர் துருவேறியோ தளர்ந்தோ இருக்கிறது.

3. லீவர் 'பி'யிலிருந்து நகரவில்லையெனில், பிரேக்கை அழுத்திப் பின்விளக்குகளைக் காண்க. அவை எரியாவிடில், பிரேக் சுவிட்சோ அதன் ஃபியூஸோ காரணமாகலாம். 'என்' நிலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகுமாயின், லீவரின் நிலையறியும் சுவிட்சையும் அதன் கேபிள் சரிசெய்யப்பட்டுள்ள விதத்தையும் ஆராய்க.

4. கோளாறு எண்: ஸ்கேனர் காட்டும் பி0700 என்பது, கியர் கணினி ஒரு கோளாறைப் பதிந்துள்ளது என்ற அறிவிப்பு மட்டுமே. உடன் வரும் எண்ணே வழிகாட்டும். பி0715 உள்வேக சென்சாரின் சுற்றையும், பி0750 முதல் சோலெனாய்டையும் குறிக்கும். எனினும் அந்த எண் சுட்டுவது சுற்றைத்தான். உறுப்பே பழுது என்று அது தீர்ப்பளிப்பதில்லை.

5. இணைப்பி: இக்னிஷனை அணைத்த பின்னரே கழற்றுக. உள்ளே எண்ணெய்க் கசிவு, பச்சைக் களிம்பு, நீர் உள்ளனவா எனப் பார்க்கவும். பின்னர் சோலெனாய்டின் மின்தடையை மல்டிமீட்டரால் அளந்து, அம்மாடலின் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுக. வண்டி சூடானபின் மட்டும் கோளாறு தோன்றுமாயின், சூடான நிலையிலும் அளத்தல் அவசியம். தடை சரியாக இருந்தால், கணினி வரை செல்லும் ஒயரில் முறிவைத் தேடுக.

இவையனைத்தும் சரியாக இருந்து, எண்ணெய் கருத்து, தீய்ந்த நாற்றம் வீசினால், அப்போது பெட்டியின் உட்புறப் பழுதை ஐயுறலாம்.

மதிப்பீட்டில் கையொப்பமிடுமுன், கோளாறு எண்களையும் அளவீடுகளையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பழைய கார் வாங்கக் கடன் பெற எண்ணுவோரும் இச்சோதனைகளை முன்னரே செய்வித்தால், மாதத் தவணையோடு பழுதுச் செலவையும் சுமக்கும் நிலையைத் தவிர்க்கலாம்.