ஐஇஎல்டிஎஸ் கட்டுரை: வாதம் எடுபட…

ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வின் இரண்டாவது கேள்விக்குச் சுமார் 40 நிமிடத்தில் குறைந்தது 250 சொற்கள் எழுத வேண்டும். முதல் கேள்வியைப் போல இரு மடங்கு மதிப்பு இதற்கு. ஆகவே மழுப்பாமல், உங்கள் கட்சி எது என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

எதிர்த்தரப்பைக் கொஞ்சம் ஒப்புக்கொண்டு பிறகு மறுப்பதுதான் நன்றாகக் கைகொடுக்கும் உத்தி. அதற்கு 'ஆல்தோ' என்று தொடங்கும் வாக்கியம் போதும்: 'ஆல்தோ கார்ஸ் ஆர் கன்வீனியன்ட், தே பொல்யூட் அவர் சிட்டீஸ்.' முன்பாதியில் விட்டுக்கொடுத்து, பின்பாதியில் பிடித்துக்கொள்கிறீர்கள். 'ஆல்தோ' வந்த வாக்கியத்தில் 'பட்' சேர்க்காதீர்கள். பலரும் சறுக்கும் இடம் அது. 'ஆல்வேஸ்', 'எவ்ரிபடி' என்று அடித்துப் பேசுவதைவிட 'ஆஃபன்', 'மெனி பீப்பிள்' நம்பும்படி இருக்கும்.

'பிளெதோரா' போன்ற பகட்டுச் சொற்களை மனப்பாடம் செய்து திணிப்பது வீண் வேலை. சொல்வளத்துக்குக் கால் பங்கு மதிப்பெண் உண்டுதான். ஆனால் பொருந்தாத சொல் அதைக் குறைக்கவே செய்யும். நீளமான வாக்கியங்களுக்கு நடுவே நாலைந்து சொற்களில் ஒரு குட்டி வாக்கியமும் வரட்டும்.

கடைசி ஐந்து நிமிடத்தை ஒருமை, பன்மை, காலம் சரிபார்க்க ஒதுக்குங்கள்.