தேதி தள்ளிப்போனது, வட்டி தள்ளிப்போகவில்லை

2019-20 நிதியாண்டின் தனிநபர் வருமான வரிக் கணக்குக்குக் கடைசி நாள் 2020 ஜூலை 31. கொரோனா வந்ததும் அது நவம்பர் 30 ஆனது, டிசம்பர் 31 ஆனது, கடைசியில் 2021 ஜனவரி 10 வரை போனது. அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு வாடிவாசல் திறக்க ஆறே நாள் பாக்கி! நீட்டிப்பு நியாயமானதுதான். மதுரை மாநகரும் சுற்று ஒன்றியங்களும் 2020 ஜூன் 24 முதல் ஜூலை நடுப்பகுதிவரை முழு ஊரடங்கில் கிடந்தன. ஃபைலைத் தூக்கிக்கொண்டு மதுரை ஆடிட்டரிடம் யார் போக முடியும்? ஆனால், அந்தச் சலுகையை ஒட்டி முளைத்த சில நம்பிக்கைகள் இன்னும் உதிரவில்லை.

"நாளைத் தள்ளிப்போட்டாச்சுன்னா வட்டியும் கிடையாது."

பலரின் பையைக் கடித்தது இதுதான். கணக்கைத் தாமதமாகக் கொடுத்தால் 234ஏ பிரிவின்படி மாதம் 1 சதவீத வட்டி. பிடித்தம் போக மிச்ச வரி 1 லட்சத்துக்குள் இருந்தவர்களுக்கு மட்டுமே நீட்டித்த தேதிவரை அந்த வட்டி இல்லை. அதைத் தாண்டியவர்களுக்குப் பழைய ஜூலை 31தான். 1,20,000 ரூபாய் பாக்கியை ஜனவரி 10 அன்று கட்டித் தாக்கல் செய்தவருக்கு ஆகஸ்டிலிருந்து ஆறு மாத வட்டி, 7,200 ரூபாய். ஜனவரியில் பத்தே நாள்தானே என்றால் செல்லாது. மாதத்தில் ஒரு நாள் தொட்டாலும் முழு மாதம்.

சரி, 1 லட்சத்துக்குள் இருந்தவர் தப்பித்தாரா? அதுவும் இல்லை. பிடித்தம் போக 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வரி வருமென்றால், அந்த நிதியாண்டுக்குள்ளேயே அட்வான்ஸ் டாக்ஸ் கட்ட வேண்டும். கட்டாதவருக்கு 234பி பிரிவில் ஏப்ரலிலிருந்தே வட்டி ஓடும். அதைக் கொரோனா நிறுத்தவில்லை. 90,000 ரூபாயை முன்கூட்டி ஒரு பைசாகூடக் கட்டாமல் ஜனவரியில் கட்டிய கடைக்காரருக்குப் பத்து மாதத்துக்கு 9,000 ரூபாய். தொழில் வருமானம் இல்லாத 60 வயது கடந்தவர்களுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. டிவியில் ஓடிய எழுத்து 'நீட்டிப்பு' என்று மட்டும் சொன்னது. 1 லட்ச ரூபாய் நிபந்தனை அறிவிப்பின் உள்ளே கிடந்தது. பாக்கி உள்ளவர் கையிலிருக்கும் பணத்தை முதலில் கட்டிவிட்டு, கணக்கை நிதானமாகக் கொடுத்திருக்கலாம். இதை உரக்கச் சொல்ல அரசுக்கு என்ன தடையோ!

"எப்படியும் இன்னொரு தடவை நீட்டிப்பாங்க."

மறு ஆண்டு ஜூலை 31 முதலில் செப்டம்பர் 30 ஆனது. 2021 ஜூன் 7 அன்று வந்த புதிய இணையதளம் படுத்திய பாட்டில், அது டிசம்பர் 31 ஆனது. அத்தோடு சரி. அந்த ஒரு நாளில் மட்டும் நாடு முழுவதும் 46 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகள் வந்து விழுந்தன. ஜனவரியில் தொற்று மறுபடி ஏறி, 16ஆம் தேதி ஞாயிறு முழு ஊரடங்கு என்றானதால் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டே 17க்கு மாறியது. தணிக்கை தேவையில்லாத தனிநபர்களின் கெடு மாறவில்லை. அபராதம் 5,000 ரூபாய்வரை. 5 லட்சத்துக்குள் வருமானம் என்றால் 1,000. ஊரடங்கில் போனிலேயே பங்கு வாங்கி விற்கப் பழகிய இளவட்டங்களுக்கு இதைவிடப் பெரிய அடி வேறு: கெடு தாண்டினால் அந்த ஆண்டுப் பங்குச்சந்தை நட்டத்தை வரும் ஆண்டுகளின் லாபத்தில் கழிக்க முடியாது.

"வெள்ளாமைக்காரனுக்கு எதுக்குக் கணக்கு?"

கரும்பு, நெல் வருமானத்துக்கு வரி இல்லை, உண்மை. ஆனால், பால் வருமானமும் கடை வாடகையும் அந்த விலக்கில் சேராது.

"சிகிச்சைக்கு வாங்கிய பணத்துக்கும் வரி போடுவாங்க."

இல்லை. கொரோனா சிகிச்சைக்கு முதலாளியோ நண்பரோ கொடுத்த உதவிக்கு வரி கிடையாது என்று 2021 ஜூன் 25 அன்று மத்திய அரசு அறிவித்தது; பிறகு அதைச் சட்டமாக்கியது. ஆஸ்பத்திரி ரசீதும் தொற்று உறுதியான ரிப்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும்.

"ஆளே போயாச்சு, இனி என்ன கணக்கு?"

வரம்புக்கு மேல் வருமானம் இருந்திருந்தால், இறந்த நாள்வரைக்குமான கணக்கை வாரிசு கொடுக்க வேண்டும். அவருடைய பான் எண்ணிலேயே கொடுக்க வேண்டும். அதற்கு முன் வருமான வரி இணையதளத்தில் வாரிசாகப் பதிய வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், இருவரின் பான் அட்டை தேவை. வரி பாக்கி வந்தாலும் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. வாரிசின் சொந்தச் சம்பாத்தியத்துக்கு அது நீளாது. சம்பளத்திலோ வங்கி வட்டியிலோ கூடுதலாகப் பிடித்திருந்தால், அந்தப் பணமும் வாரிசுக்குத்தான் திரும்பும்.