மர்யம்: ஒரு பெயர், பல பொருள்கள்



பெண் குழந்தைக்கு மர்யம் என்று பெயர் வைக்க விரும்பும் பெற்றோர் சிலர், "அதற்குக் கசப்பு என்று பொருளாமே?" என்று தயங்குகிறார்கள். பெயர்ப் பட்டியல்கள் சிலவற்றில் அப்படித்தான் இருக்கிறது. அது மட்டும்தானா பொருள் என்று பார்ப்போம்.

மர்யம் என்பது அரபு வேரிலிருந்து பிறந்த சொல் அல்ல. எபிரேய மொழியில் அது மிர்யாம். மூஸா (அலை) அவர்களின் சகோதரிக்கும் அந்தப் பெயர் இருந்ததாக யூதர்களின் வேதம் கூறுகிறது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் சொல்லும் மரியாள் என்பதும் இதே பெயர்தான்.

இதன் பொருளில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. எபிரேய வேர்களைக் கொண்டு கசப்பு என்றும், பணிய மறுப்பவள் என்றும் சொல்வோர் உண்டு. பண்டைய எகிப்திய மொழியிலிருந்து வந்தது, அன்புக்குரியவள் என்று பொருள் என்பாரும் உண்டு. 'கடல்துளி' என்ற விளக்கமும் பழங்காலத்தில் இருந்தது. தஃப்ஸீர் ஆசிரியர் ஸமக்ஷரீ, 'வணக்கம் புரிபவள்' என்று அவர்களுடைய மொழியில் பொருள் என எழுதினார். ஆகவே, ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு இப்பெயரை ஒதுக்குவது முறையல்ல.

குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் மர்யம் (அலை) அவர்கள்தாம். 34 இடங்களில் அப்பெயர் வருகிறது. 98 வசனங்கள் கொண்ட 19ஆம் அத்தியாயமும் அவர் பெயரால் அமைந்தது.

ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 35 முதல் 37 வரையுள்ள வசனங்களை வீட்டில் சேர்ந்து ஓதிப் பாருங்கள். வயிற்றிலுள்ள குழந்தையை இறைபணிக்கு நேர்ந்துகொண்டார் அந்தத் தாய். பிறந்ததோ பெண். அவரே அக்குழந்தைக்கு மர்யம் எனப் பெயரிட்டு, அவருக்கும் அவர் சந்ததிக்கும் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடினார். அல்லாஹ் அக்குழந்தையை அழகிய முறையில் ஏற்றுக்கொண்டான். பெண் பிறந்தால் முகம் வாடும் வீடுகளுக்கு இதைவிடப் பாடம் வேறு வேண்டுமா?

முன்சென்ற நபிமார்கள், நல்லடியார்களின் பெயர்களை அக்கால மக்கள் தம் பிள்ளைகளுக்குச் சூட்டி வந்ததாக நபி (ஸல்) அவர்கள் முகீரா (ரலி) அவர்களிடம் சொன்ன செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அகராதியில் என்ன பொருள் என்பதோடு, அந்தப் பெயரில் வாழ்ந்தவர் யார் என்பதையும் பாருங்கள்.

ஒரு நடைமுறைக் குறிப்பு: மர்யம், மரியம், மரியம் பீவி என்று ஆவணத்துக்கு ஆவணம் மாற்றி எழுதாதீர்கள். ஆங்கில எழுத்துகளையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். பள்ளிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருந்தால் பிள்ளை பின்னால் அலைய வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் குழந்தையின் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். பிறகு தாமதக் கட்டணம் உண்டு.

நம் பிள்ளைகளை அல்லாஹ் நல்லடியார்களாக ஆக்குவானாக. ஆமீன்.